அந்த நாலு பையன்களைத் தனியாகப் பிரிக்காதீர்கள்

கேள்வி: நாங்கள் மூன்று பெண்கள், இரண்டு ஆண்கள். டிகிரி முடித்து வேலைக்குப் போகிறவர்களும் உண்டு, வேலை தேடுகிறவர்களும் உண்டு. ஊரில் பூட்டிக் கிடந்த நூலகக் கட்டடத்தை ஊராட்சியில் கேட்டு வாங்கி, 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் ஆறு நாள், மாலை 6 முதல் 8 வரை ஒரு மையம் நடத்துகிறோம். வீட்டுப்பாடம், கேரம், கதை, சில நாள் ஓவியம். ஜூனில் 45 பேர் வந்தார்கள். இப்போது 17 பேர்தான். ஏழாம் வகுப்பைத் தாண்டிய பெண் பிள்ளைகள் ஒருத்திகூட வருவதில்லை. நாலு பையன்கள் கத்தி, அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கெடுக்கிறார்கள். அவர்களை நிறுத்திவிடலாமா, அவர்களுக்கு மட்டும் சனிக்கிழமை தனி பேட்ச் வைக்கலாமா என்று எங்களுக்குள்ளேயே சண்டை. பெற்றோரோ “இதுக்குப் போனா மார்க் வருமா?” என்கிறார்கள். எங்கே தவறுகிறோம்?

– ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் சண்டையிலிருந்தே தொடங்கலாம். அந்த நாலு பேரை நிறுத்தவும் வேண்டாம், தனி பேட்சும் வேண்டாம். இரண்டில் தனி பேட்ச்தான் அதிக ஆபத்து. கேட்க நல்ல யோசனையாகத் தோன்றும், நல்ல மனதோடு செய்வார்கள், பலன் தலைகீழாக வரும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939-ல் 506 பையன்களை வைத்து ஒரு பெரிய முயற்சி நடந்தது. பாதிப் பேருக்கு ஆலோசகர், படிப்பு உதவி, கோடை முகாம் எல்லாம் கிடைத்தன. மீதிப் பாதிக்கு ஒன்றுமில்லை. ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் 30 ஆண்டு கழித்து அவர்களைத் தேடிப் பார்த்தபோது, உதவி பெற்றவர்களின் நிலை பெறாதவர்களைவிடச் சில விஷயங்களில் மோசமாக இருந்தது. கோடை முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் போன பையன்களிடம் அது கூடுதலாகத் தெரிந்தது. தாமஸ் டிஷியன் என்ற உளவியலாளரும் மெக்கார்டும் சேர்ந்து 1999-ல் எழுதிய கட்டுரை இதற்குக் காரணம் சொல்கிறது. முரட்டுத்தனம் உள்ள பிள்ளைகளை மட்டும் ஒன்றாக உட்கார வைத்தால், ஒருவன் செய்யும் சேட்டைக்கு மற்றவர்களின் சிரிப்பே பரிசாகிவிடுகிறது. பெரியவர் சொல்லும் புத்திமதி ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும். சிரிப்பு நிமிஷத்துக்கு ஒருமுறை வரும். எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, ‘சனிக்கிழமை பேட்ச்’ என்ற பெயர் ஊருக்குள் பரவ இரண்டு நாள் போதும். அந்தப் பெயர் ஒட்டிவிட்டால் அதற்கேற்றபடிதான் நடந்துகொள்வார்கள்.

ஆகவே ஓர் அணிக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர் என்று பிரித்துப் போடுங்கள். பக்கத்தில் நிதானமான, கொஞ்சம் மூத்த பிள்ளை இருக்கட்டும். மையம் திறப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னால் வரச்சொல்லி நிஜமான வேலை கொடுங்கள்: தண்ணீர்க் குடம் நிரப்புவது, பந்துக்குக் காற்றடிப்பது, வருகைப் பதிவேடு எடுத்து வைப்பது. ஒவ்வொருவரையும் வாரம் ஒருமுறை ஐந்து நிமிஷம் ஒரே தன்னார்வலர் தனியாகக் கவனிக்க வேண்டும் (எல்லோரும் பார்க்கும் இடத்தில்தான்). அறிவுரை வேண்டாம். “நேத்து கபடியில உன் கால் என்னாச்சு?” என்ற அளவுக்குப் போதும்.

அவர்கள் எப்போது கத்துகிறார்கள் என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். புத்தகத்தைத் திறக்கும் நேரத்தில்தான் கத்துகிறான் என்றால், அவனுக்கு வாசிக்க வரவில்லை என்று சந்தேகப்படுங்கள். இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியை, வேறு யாரும் கேட்காத தூரத்தில் வாசிக்கச் சொன்னால் தெரிந்துவிடும். ஏழாவது படிக்கிற பையன் தம்பி வயதுப் பிள்ளைகள் முன்னால் எழுத்துக் கூட்டுவதைவிட, ரவுடி என்று பேர் வாங்குவதையே விரும்புவான். பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்பாதவனுக்குக் காதில் சீழ் வடிகிறதா என்று கேளுங்கள். கரும்பலகையைப் பார்க்கக் கண்ணை இடுக்குகிறவனைக் கண் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். வீட்டில் அப்பா குடித்துவிட்டு வரும் நாளும் இவன் இங்கே அடிக்கும் நாளும் ஒன்றாக இருப்பதும் உண்டு. காரணம் எதுவாக இருந்தாலும் விதி ஒன்றுதான்: அடித்தால் அன்றைய ஆட்டத்திலிருந்து ஐந்து நிமிஷம் வெளியே, பிறகு கட்டாயம் உள்ளே. “நாளையிலிருந்து வராதே” என்ற வார்த்தை யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. மையத்துக்கு வராவிட்டால் அவன் எங்கே போவான் என்பது உங்கள் ஐந்து பேருக்குமே தெரியும்.

அடுத்தது, 45 எப்படி 17 ஆனது என்பது. ஆறு நாள், இரண்டு மணி நேரம் என்பது ஐந்து பேரால் தாங்க முடியாத பாரம். என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். முதல் மாதம் எல்லோரும் வந்திருப்பீர்கள். இரண்டாம் மாதம் ஒருவருக்குத் தேர்வு, ஒருவருக்கு வேலையில் ஷிப்டு. சில நாள் பிள்ளைகள் வந்தபோது கதவு பூட்டியிருந்திருக்கும். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போகும் பிள்ளை மூன்றாவது தடவை வருவது அபூர்வம். வளரும் பிள்ளைக்கு இந்த மாதிரி இடங்கள் தரும் முதல் நன்மை, பெற்றோரும் ஆசிரியரும் அல்லாத ஒரு பெரியவர் சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் இருப்பதுதான். ஓவியமும் கேரமும் அதற்கு அடுத்துத்தான். பிள்ளைக்கு ஒரு வழிகாட்டியை இணைத்துவிடும் திட்டங்களை ஆராய்ந்து ஜீன் கிராஸ்மேனும் ஜீன் ரோட்ஸும் 2002-ல் எழுதியதைப் பாருங்கள்: உறவு ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்தவர்களுக்கு நன்மை மிகுதி. மூன்று மாதத்துக்குள் அறுந்தவர்களுக்கோ தன்மதிப்பே இறங்கியிருந்தது. ‘நம்மைப் பிடிக்காமல்தான் அக்கா நின்றுவிட்டார்’ என்று பிள்ளை கணக்குப் போட்டுக்கொள்கிறது.

அதனால் நாட்களைக் குறையுங்கள், தவறாமல் நடத்துங்கள். வாரம் மூன்று நாள், ஒவ்வொன்றும் 75 முதல் 90 நிமிஷம். பெரியவர் ஒருவருக்கு எட்டுப் பிள்ளைகள் என்று வையுங்கள், பத்தைத் தாண்ட வேண்டாம். 24 பிள்ளைகளுக்கு மூன்று பேர், மூன்று நாளுக்கு ஒன்பது முறை. ஐந்து பேர் பகிர்ந்தால் ஆளுக்கு வாரம் இரண்டு முறைகூட முழுதாக வராது. மூவர் சேராத நாளில் மட்டும், பத்தைத் தாண்டினாலும், இருவரைக் கொண்டு நடத்தலாம். ஒருவர் மட்டும் இருந்தால் நடத்தாதீர்கள், அன்று விடுமுறை என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். 24 ஆனதும் சேர்க்கையை நிறுத்திக் காத்திருப்புப் பட்டியல் எழுதுங்கள். கூட்டம் காட்டுவதில் உள்ள ஆசைதான் இத்தகைய மையங்களைக் கெடுக்கும் முதல் எதிரி. தன்னார்வலர் யாராவது விலக நேர்ந்தால் மூன்று வாரம் முன்பே பிள்ளைகளிடம் தேதியைச் சொல்லி, கடைசி நாளன்று நேரில் விடைபெற வேண்டும்.

அணிக்கு ஆறு முதல் எட்டுப் பேர். சாரணர் இயக்கம் நூறு ஆண்டுக்கு மேலாக இந்த அளவைத்தான் வைத்திருக்கிறது. அதற்கு மேல் போனால் ஓரத்தில் இரண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். ஓர் அணிக்குள் 10 வயதும் 14 வயதும் கலந்திருக்கட்டும். அணித்தலைவர் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். தலைவர் என்றால் ‘அமைதி, அமைதி’ என்று கத்துகிற லீடர் வேலை அல்ல: பொருளை எண்ணி வாங்கி எண்ணி ஒப்படைப்பது, வராதவர் ஏன் வரவில்லை என்று கேட்டு வருவது, அடுத்த வாரம் என்ன செய்யலாம் என்ற கூட்டத்தில் தன் அணிக்காகப் பேசுவது. முடிவெடுக்கும் உரிமையைக் கொஞ்சமாவது கையில் கொடுங்கள். மாதம் 300 ரூபாயை மூன்று அணித்தலைவர்கள் பேசி முடிவு செய்து செலவழிக்கட்டும். சொதப்புவார்கள். முழுக்க பலூன் வாங்கிவிட்டு அடுத்த மாதம் பந்து இல்லாமல் விழிப்பார்கள். அந்த ஒரு மாதத்தை நீங்கள் உங்கள் காசைப் போட்டுச் சரிக்கட்டிவிடாதீர்கள்.

நேரத்தை மாற்றுங்கள். 6 முதல் 8 என்பது வெளிச்சம் போன பிறகு பிள்ளைகளை ஓர் அறைக்குள் அடைக்கிற நேரம். நம் பக்கம் நவம்பர் கடைசியில் 5.40-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். பள்ளி விட்டு வந்து பையை வைத்ததும் 5 மணிக்குத் தொடங்கி 6.15-க்கு முடித்தால் ஓடி ஆட வெளிச்சம் இருக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது முடியாதென்றால், வாரநாளில் இரண்டு மாலை மற்றவர்கள், ஞாயிறு காலை எல்லோரும் என்று பிரித்துக்கொள்ளலாம்.

வந்ததும் முதலில் வாயில் ஏதாவது போட வேண்டும். பள்ளியில் மதியம் சாப்பிட்டது, ஐந்து மணிக்கு வயிறு காலி. நீங்கள் ரகளை என்று நினைப்பதில் ஒரு பங்கு பசி. கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ காய்ந்த எடையில் பிள்ளைக்கு 30 கிராம் போதும். 24 பேருக்கு 720 கிராம். கொண்டைக்கடலை என்றால் முந்தின இரவே ஊறப்போட வேண்டும். காலையில் நினைவு வந்து போட்டால் மாலையில் கல்லாகவே இருக்கும். ஆளுக்கு ஏறக்குறைய ஆறு கிராம் புரதம் கிடைக்கும். எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று சேர்க்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், முக்கியமாக வேர்க்கடலை. தெருக்களின் பெயரைப் போட்டு முறை வைத்துக் கேட்டால் அம்மாக்கள் அவித்துக் கொடுப்பார்கள். அவர்களை மையத்துக்குள் கொண்டுவர இதைவிடச் சுலபமான வழியும் இல்லை.

பிறகு அரை மணி நேரம் ஓட்டம். ஐந்து முதல் 17 வயதுவரை சராசரியாகத் தினம் 60 நிமிஷம் மூச்சு வாங்கும்படி உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கேரம் அதில் சேராது. ஆட்டம் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைப் பாருங்கள்: ‘அவுட்’ ஆனவர் உட்கார்ந்துவிடும் ஆட்டத்தில், ஓடத் தெரியாத பிள்ளைதான் முதல் நிமிஷத்திலேயே உட்கார்கிறது. யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அவருக்குக் குறைவாகக் கிடைக்கிறது. அவுட் ஆனவர் எதிரணிக்குப் போய்விடுகிறார் என்று விதியை மாற்றினால் கடைசிவரை எல்லோரும் ஓடுவார்கள். கோ-கோ, ஏழு கல், தொட்டுப் பிடிப்பது எல்லாவற்றையும் இப்படி வளைக்கலாம். பிள்ளைகளிடமே விட்டால் உங்களைவிட நல்ல விதி கண்டுபிடிப்பார்கள். விதி உண்டாக்கி, சண்டை போட்டு, திருத்துகிற அந்தப் பத்து நிமிஷம் வீண் என்று நினைத்து விசிலை ஊதிவிடாதீர்கள். சமாதானம் பேசக் கற்றுக்கொள்வது அங்கேதான்.

அடுத்த 30 நிமிஷம் கைவேலை. தினம் ஒன்று, ஒரு நாள் ஓவியம், ஒரு நாள் கதை என்று தாவுவதுதான் உங்கள் அட்டவணையின் பலவீனம். பள்ளி முடிந்த பின் நடக்கும் நிகழ்ச்சிகளை ஒப்பிட்டுப் பார்த்த ஜோசப் டர்லக், ரோஜர் வைஸ்பெர்க் இருவரும் பலன் தந்தவற்றில் நான்கு குணங்கள் இருந்ததைக் காட்டினார்கள்: ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய படிகள், கையால் செய்து பழகுவது, அதற்கென்று ஒதுக்கிய நேரம், என்ன திறமைக்காகச் செய்கிறோம் என்று பிள்ளைக்கே தெரிந்திருப்பது. ஆறு வாரம் ஒரே வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு சைக்கிள் பஞ்சர். ஊரில் அரசு கொடுத்த சைக்கிள்களுக்குப் பஞ்சமில்லை. டயரை நெம்பிக் கழற்ற இரண்டு லிவர், காற்றடிக்கும் பம்பு, உப்புத்தாள், சொல்யூஷன் டியூப், ஒட்டுத் துண்டு, ஒரு பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர். இவை ஓர் அணிக்குப் போதும். முதல் வாரம் டயரைக் கழற்றி மாட்டுவது மட்டும். லிவரை ஆழமாக விட்டால் டியூப் கிழியும், அதையும் அவர்களே பார்க்கட்டும். இரண்டாம் வாரம் காற்றடித்து, தண்ணீரில் அமுக்கி, குமிழி வருமிடத்தைப் பேனாவால் வட்டமிடுவது. மூன்றாம் வாரம் ஈரத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காத்திருப்பது. இங்கேதான் எல்லோரும் தோற்பார்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டிவிடுவார்கள், காற்றடித்ததும் பிய்ந்துவிடும். விரலால் லேசாகத் தொட்டால் பிசுக்கென்று இருக்க வேண்டும், ஆனால் விரலோடு வரக்கூடாது. அந்த நாலைந்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது 12 வயதுக்குப் பெரிய காரியம். “பொறுமையாக இரு” என்று ஆண்டு முழுக்கச் சொல்வதால் வராதது, இரண்டு தடவை ஒட்டு பிய்ந்தால் வந்துவிடும். ஒட்டிய பிறகு, டயருக்குள் விரலை மெதுவாக ஓட்டி முள்ளைத் தேடச் சொல்லுங்கள். முள்ளை எடுக்காமல் மாட்டிய அணி அரை மணியில் திரும்பவும் கழற்றும். ஐந்தாம், ஆறாம் வாரத்தில் ஊரார் சைக்கிளை வாங்கிச் சரிசெய்து கொடுக்கட்டும். அந்த நாலு பையன்களில் ஒருவனாவது இதில் முன்னுக்கு நிற்பான், பந்தயம் கட்டலாம். பெண் பிள்ளைகளைக் கோலத்துக்கு அனுப்பிவிட்டுப் பையன்களிடம் மட்டும் லிவரைக் கொடுக்காதீர்கள்.

கடைசிப் பத்து நிமிஷம் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வாக்கியம்: இன்று எது வந்தது, எது வரவில்லை. பேச விரும்பாதவர் ‘பாஸ்’ சொல்லலாம். முதல், இரண்டாம், மூன்றாம் பரிசுகளை இந்த வயதில் குறையுங்கள். 24 பேரில் 21 பேர் தோற்றுப் போகிற ஏற்பாடு அது.

பெண் பிள்ளைகள் ஏன் நின்றார்கள் என்பதற்கு உங்கள் நேர அட்டவணையிலேயே பாதி பதில் இருக்கிறது. இரவு 8 மணிக்கு 13 வயதுப் பெண்ணைத் தனியாகத் தெருவில் நடக்கவிட எந்த அம்மாவும் ஒப்ப மாட்டார். மீதிப் பாதி: கழிப்பறை. தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் இருக்கிறதா, பயன்படுத்திய நாப்கினைப் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா, அவசரத்துக்கு நாப்கின் இருக்கிறதா? பையன்கள் முன்னால் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி அலமாரியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு பெண் தன்னார்வலர் கட்டாயம் இருக்க வேண்டும். முடிந்ததும் தெருவாரியாகச் சேர்ந்து போகட்டும், கடைசி வீடுவரை ஒருவர் கூடப் போங்கள். அம்மாக்களைக் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள், நூறு நாள் வேலை முடிந்து வந்தவர் எங்கே வருவார்? மூன்று அக்காக்களும் வீட்டுக்கே போய், எந்தக் கிழமை, எந்த நேரம் அனுப்ப முடியும் என்று கேளுங்கள். தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை என்று சொல்லுங்கள். வீட்டில் தம்பி தங்கையைப் பார்க்கும் பொறுப்புதான் பல பெண் பிள்ளைகளைக் கட்டிப்போட்டிருக்கிறது. வந்த பிள்ளை ஓட மாட்டேன் என்று சோர்ந்து உட்கார்ந்தால் சோம்பேறி என்று முடிவு கட்டாதீர்கள். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறாளா, ஜன்னலுக்கு வெளியே போடுகிறாளா என்று கேளுங்கள். வெறும் வயிற்றில் போட்டு வயிறு பிரட்டியதால் நிறுத்தியிருந்தால், சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள்.

மார்க்? வாக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்த மறுநாளே நீங்கள் இலவச டியூஷன் ஆகிவிடுவீர்கள், அரையாண்டுத் தேர்வோடு கதை முடியும். “மார்க்குக்கு நாங்கள் உத்தரவாதம் இல்லை. நேரத்துக்கு வருவான், சொன்ன வேலையை முடிப்பான், நாலு பேரோடு ஒத்துப்போவான், மூன்று மாதம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்” என்பதுதான் நேர்மையான பதில். வாசிப்பில் பின்தங்கியவர்களுக்கு மட்டும் அணிக்குள்ளேயே ஜோடி சேர்த்துப் பத்து நிமிஷம் சத்தமாக வாசிக்க வைக்கலாம். மையம் 8 மணிக்கு முடிந்து, சாப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுதி, போனைப் பார்த்துவிட்டுப் பிள்ளை எப்போது படுக்கிறது என்றும் யோசியுங்கள். 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரம், 13-க்கு மேல் 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். அதைத் திருடுகிற எந்த நல்ல நிகழ்ச்சியும் நல்ல நிகழ்ச்சி இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். எந்தத் தன்னார்வலரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது. பைக்கில் தனியாக ஏற்றிப் போவது, இரவில் தனியாக வாட்ஸ்அப்பில் பேசுவது, பரிசு கொடுப்பது எதுவும் கூடாது. நம்பிக்கை இல்லாததால் வைக்கும் விதி அல்ல இது. ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி பொருந்தினால் யாருக்கும் உறுத்தாது. பெற்றோர் எழுத்தில் சம்மதிக்காமல் பிள்ளையின் முகம் தெரியும் படத்தை எங்கும் போடாதீர்கள். 2012-ன் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நடந்ததென்று தெரியவந்தால் போலீஸுக்குச் சொல்வது உங்கள் கடமை. 19-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்பார்கள், சொல்லாமல் விட்டால் அதுவே தண்டனைக்குரியது. பிள்ளை வாய்திறந்தால் குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள், “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று சத்தியமும் செய்யாதீர்கள். “நீ சொன்னது நல்லது. உன் மேல் தப்பில்லை. உதவக்கூடியவர்களிடம் நான் சொல்லியாக வேண்டும்” என்பது போதும். பிள்ளை சொன்ன வார்த்தைகளிலேயே, தேதி நேரத்தோடு அன்றே எழுதி வையுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எல்லோருக்கும் தெரியும் இடத்தில், பிள்ளைகளின் கண் உயரத்தில் ஒட்டுங்கள்.

புதிய நேரத்தில் தொடங்குவதற்கு முன், வராமல் நின்ற 28 பேரின் வீட்டுக்கும் ஒருமுறை போய்வாருங்கள். “ஏன் வரலை?” என்று கேட்டால் “சும்மாதான்” என்ற பதிலுக்கு மேல் கிடைக்காது. “வந்த நாள்ல எது ரொம்ப போரடிச்சுது? யாரு உன்னைக் கிண்டல் பண்ணா? என்னைக்காவது வந்து கதவு பூட்டியிருந்துச்சா?” என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பதிலை அந்தப் பிள்ளை பார்க்கும்படி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.